அவர் ஏன் கோடாரியை எடுக்கவில்லை?

கதவு மூடிய பிறகுதான், தன் நகைச்சுவை உணர்வை வெளியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று வாலுவுக்குத் தெரிந்தது.

மருந்துக் கிடங்கின் உறைபனி அறை அது. தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரை தூவியதுபோல் வெண்பனி. கூரையில் ஒரே ஒரு விளக்கு. அதுவும் குளிரில் ஒடுங்கிப்போயிருந்தது. நேற்று முன்தினம் காலை இதே கதவைத் திறந்தபோது, கிடங்கின் மேஸ்திரி கதவோரமாகச் சுருண்டு கிடந்தார். உயிர் இல்லை.

வாலு உட்புறக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். அது பனிக்கட்டிக்குள் புதைந்து பல மாதம் ஆகியிருக்க வேண்டும். பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் கோடாரி. ‘உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ணாடியை உடைத்து எடுக்கவும்’ என்று எழுதியிருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குக் கீழே ஒரு சின்னப் பலகை. மூன்று பட்டன்கள்: சோதனை, கதவைத் திறங்கள், ஆபத்து. பட்டன்களுக்கு மேலே, ஒரே ஒரு வரி மட்டும் காட்டக்கூடிய குட்டித் திரை.

நடுப் பட்டனை அமுக்கினான். பச்சை விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. செய்தி போய்விட்டதாம். குட்டித் திரை காலியாகவே இருந்தது. மறுபடியும் அமுக்கினான். மறுபடியும். யாரும் வருவதாகத் தெரியவில்லை. கோடாரியை ஒருமுறை ஆசையோடு பார்த்தான்.

கதவு திறந்தது.

"என்ன பாஸ், இவ்வளவு நேரம்? வெளியே எடுக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்பைரி தேதி பார்த்துட்டு இருந்தீங்களா?"

"உன் தேதி எப்பவோ முடிஞ்சுபோச்சு," என்றார் ஆந்தை. "எத்தனை தடவை அமுக்கின?"

"இது என் விரல்தானான்னு சந்தேகம் வர்ற வரைக்கும். ஒவ்வொரு தடவையும் பச்சை லைட் எரிஞ்சுது."

"ஆபீஸ் திரையில ஒன்னுமே வரல. டிகிரி மட்டும் ஓடிட்டே இருந்துது."

ஆந்தை ஒரு காலத்தில் காவல்துறையில் இருந்தவர். ஐம்பது தாண்டிய பெண்மணி. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண் சிமிட்டாமல் பார்ப்பார். குற்றவாளிகள் அதைத் தாங்க முடியாமல் வைத்த பெயர் அது. அவரும் பெருமையாக விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டார். வாலு அவருடைய உதவியாளன். கணினி தெரியும், பூட்டு திறக்கத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

அவர்களுக்குப் பின்னால், வாசல் கோட்டைத் தாண்டாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். இறந்துபோன மேஸ்திரியின் மனைவி. கணவருடைய கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டிருந்தாள். அது அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது.

"வேலை செய்யுதா தம்பி, அந்தப் பலகை?" என்று வாலுவிடம் கேட்டாள்.

"செய்யுது அக்கா. இங்கேருந்து போகுது. எங்கே போய்ச் சேருதுன்னுதான் தெரியல."

"அவர் சண்டை போட்டு வாங்கினது அது. மூட்டை தூக்கறவங்களுக்கு நம்ம எழுத்து மட்டும்தான் படிக்கத் தெரியும், அதனால பட்டன், செய்தி எல்லாமே தமிழ்ல இருக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். தினமும் காலையில முதல் வேலையா உள்ளே போய் சோதனை பட்டனை அமுக்கிப் பார்ப்பார். ஆபத்துன்னு அமுக்கினா ஆபீஸ்ல இருக்கறவங்க பார்த்துட்டு ஒரு பட்டனைத் தட்டணும். ‘வருகிறோம்’னு உள்ளே தெரியும். அந்த வார்த்தைகூட அவர் எழுதிக் கொடுத்ததுதான்."

அவள் அழவில்லை. அழுவதற்கு இன்னும் முறை வரவில்லை என்பதுபோல் நின்றிருந்தாள். ஏனென்றால் அவளுக்கு ஒரு சாவு மட்டும் இல்லை. கணவரைக் கொன்றதாகப் போலீஸ் பிடித்து வைத்திருப்பது அவளுடைய கூடப்பிறந்த தம்பியை.

தம்பி அதே கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். அன்று மாலை உறைபனி அறைக் கதவைக் கடைசியாக மூடியது அவன். அன்று மதியம் அவனும் மேஸ்திரியும் கத்திச் சண்டை போட்டதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். மேஸ்திரியின் தலையில் ஒரு வீக்கம் இருந்தது. அடித்து மயக்கமாக்கி உள்ளே போட்டு மூடிவிட்டான் என்பது போலீஸ் கணக்கு. சுயநினைவோடு இருந்த மனிதர் பட்டனை அமுக்கியிருப்பார், அல்லது கோடாரியை எடுத்திருப்பார் அல்லவா? ஆபீஸ் பதிவில் ஒரு அழைப்பும் இல்லை. கண்ணாடியும் உடையவில்லை.

"என்ன சண்டை அது?" என்று கேட்டார் ஆந்தை.

"மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடாம எழுந்துட்டார். பெட்டிங்க மேல தேதிக்கு மேல தேதி ஒட்டியிருக்கு, காலாவதியான மருந்தைப் புதுசு மாதிரி அனுப்பறாங்க, நாளைக்கு எழுதிக் கொடுக்கப்போறேன்னார். ‘வேலை போயிடும் மாமா, நமக்கு எதுக்கு வம்பு’ன்னு தம்பி கத்தியிருக்கான். அவ்வளவுதான்." கம்பளிச் சட்டையை இறுக்கிக்கொண்டாள். "கதவை மூடிட்டு நேரா வீட்டுக்கு வந்தான். என் பொண்ணுக்கு ஜுரம். இருட்டற நேரத்துல அவன்தான் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினான். டாக்டரே சாட்சி சொன்னார். ஆனா அதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கும்னு சொல்றாங்க. இன்னிக்குச் சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்தறாங்க மேடம். கொலைன்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் அவன் முகத்தை நான் கம்பி வழியாத்தான் பார்க்கணும்."

ஆந்தை கண் சிமிட்டவில்லை. "இருட்டின பிறகு உங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தார்னு காட்டணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான், கணவர் அந்தக் குளிரில் இன்னும் நெடுநேரம் தவித்திருக்க வேண்டும் என்றல்லவா கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

* * *

மேனேஜரின் அறையில் மேசைக்கடியில் ஒரு ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவர் குளிர் தாங்காத மனிதர். சிரித்தால்கூட உதடு மட்டும் சிரிக்கும், மற்றதெல்லாம் போர்வைக்குள் இருப்பதுபோல் இருக்கும்.

"வக்கீல் வாங்கின உத்தரவைக் காட்டினீங்க, எல்லாத்தையும் பாருங்கன்னு சொல்லிட்டேன்," என்றார். "எங்ககிட்ட மறைக்க ஒன்னும் இல்ல. அந்தப் பலகை ரொம்ப நாளா சரியில்ல மேடம். பாவம், மேஸ்திரிக்கு அது ஒரு பொம்மை."

கணினித் திரையில் அன்றைய பதிவு இருந்தது. ஒவ்வொரு வரியிலும் நேரம், அதற்கு எதிரே அறையின் குளிர். நேரம், குளிர். நேரம், குளிர். மழை பெய்வதுபோல் ஒரே மாதிரி.

"இங்கே," ஆந்தை விரலை வைத்தார். "நேரம் மட்டும் இருக்கு. எதிரே ஒன்னுமே இல்ல."

"பனி பிடிச்சா சென்சார் அப்படித்தான் தவறவிடும்."

"இருட்டின பிறகு இந்த மாதிரி வெத்து வரி நிறைய இருக்கே."

"பனியும் நிறைய இருக்கே மேடம்."

"காலையில வேலை ஆரம்பிச்ச உடனேயும் ஒன்னு இருக்கு."

மேனேஜர் தோளைக் குலுக்கினார். "மெஷின் அனுப்பறதை எழுத்தா மாத்தறதுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட். புரோகிராமர் எழுதினது. அவரை வரச் சொல்லியிருக்கேன், கேளுங்க."

"இந்த அறைக்குள்ள வேற யாரெல்லாம் வருவாங்க?"

"பகல்ல ரெண்டு மூணு பேர். வேலை நேரம் முடிஞ்சா பூட்டிடுவேன். சாவி என்கிட்ட மட்டும்தான்." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அன்னிக்கும் எல்லாரோடயும் கிளம்பிட்டேன். போலீஸ்ல சொல்லியிருக்கேன்."

"உள்ளே இருக்கற பலகைக்கும் இந்தக் கணினிக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"மெஷின் ரூம்ல ஒரு டப்பா. வயர் போற வழி. அது வெறும் டப்பா மேடம்."

ஆந்தை எழுந்தார். வாசலில் வாலுவின் காதில், "வெறும் டப்பான்னு ஒன்னு உலகத்துல உண்டா?" என்றார்.

"இருக்கு பாஸ். என் சம்பளக் கவர்."

* * *

மெஷின் அறையில் கம்ப்ரசர்கள் பெரிய மிருகங்கள் தூங்குவதுபோல் உறுமிக்கொண்டிருந்தன. சுவரில் கறுப்பாக ஒரு டப்பா. வாலு திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே, நகத்தளவில் ஒரு மெமரி கார்டு.

"அனுப்பறதை எல்லாம் அனுப்பறதுக்கு முன்னாடி இங்கே ஒரு பிரதி வெச்சுக்குது பாஸ். ரெண்டு ஃபைல். ஒன்னு உள்ளேயிருந்து ஆபீஸுக்குப் போறது. இன்னொன்னு ஆபீஸ்லேருந்து உள்ளே வர்றது."

"ரெண்டாவதுல என்ன இருக்கும்?"

"மோட்டாரை ஓட்டு, நிறுத்துன்னு கட்டளையா இருக்கும். முதல்ல இதைப் பார்ப்போம்."

கார்டை மடிக்கணினியில் சொருகி முதல் ஃபைலைத் திறந்தான். திரை முழுக்க எண்கள். ஆந்தை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"எழுத்தே இல்லையே?"

"மெஷினுக்கு எழுத்துன்னா என்னன்னே தெரியாது. எல்லாம் எண்தான். ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட். எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு மனுஷங்க ஒரு ஒப்பந்தம் போட்டு வெச்சிருக்காங்க. அந்த ஒப்பந்தத்தைச் சொன்னாத்தான் எழுத்தா மாறும். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் போதும். நம்ம எழுத்துக்கு ஒவ்வொன்னுக்கும் மூணு வேணும்."

"ஏன் அப்படி?"

"கியூவில லேட்டா வந்தோம் பாஸ். பின் சீட்டு."

நாலே வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். ஃபைலைத் திற, பைட்டுகளை எடு, எழுத்தாக்கு, அச்சிடு. ஓட்டினான். திரையில் தலைக்கு மேல் கோடு போட்ட ஓர் அந்நிய எழுத்தும், வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட இன்னோர் எழுத்தும் மாறி மாறி வந்து நின்றன.

"இது என்ன பாஷை?"

"நான் தப்பான ஒப்பந்தத்தைச் சொல்லிட்டேன். ஒரு நிமிஷம்." எண்களை மறுபடி பார்த்தான். அவன் குரல் மெல்ல இறங்கியது. "பாருங்க. 224, 174. அப்புறம் ஏதோ ஒன்னு. மறுபடி 224, 174. இது நம்ம எழுத்து பாஸ். தமிழ் இப்படித்தான் ஆரம்பிக்கும்."

224, 174. 224, 174. யாரோ மூடிய கதவைத் தட்டுவதுபோல் அந்த இரண்டு எண்கள் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. கம்ப்ரசர் ஒன்று நின்றது. அறை திடீரென்று அமைதியாயிற்று.

வாலு ஒரே ஒரு சொல்லை மாற்றி மீண்டும் ஓட்டினான்.

அன்றைய நாள் எழுத்தாக மாறி இறங்கியது. காலையில் ஒரு ‘சோதனை’. பிறகு பகல் முழுக்கக் குளிர் மட்டும். இருட்டி, தம்பி குழந்தையோடு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில்:

கதவைத் திறங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் திறங்கள். ஆபத்து. கதவைத் திறங்கள்.

வாலு மடிக்கணினியை ஆந்தையின் பக்கம் திருப்பினான்.

"ஆபீஸ் பதிவுல வெத்து வரி இருந்த இடமெல்லாம் இதுதான்," என்றார் ஆந்தை. "நேரம் தங்கிடுச்சு. கூப்பிட்டது மட்டும் காணோம்."

இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்தார். மறுமுனை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டது.

"சரி மேடம், அவர் உயிரோட இருந்தார்னே வெச்சுக்குவோம். பையன் கதவை மூடும்போது அவரை உயிரோட உள்ளே தள்ளியிருக்கலாம். மயக்கம் தெளிஞ்சு கூப்பிட்டிருக்கார். ஸ்கிரிப்ட் கோளாறு, யாரும் பார்க்கல. வழக்கு அப்படியேதான் நிக்குது. அப்புறம், நினைவு வந்தவர் அந்தக் கோடாரியை ஏன் தொடல? அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. வண்டி கிளம்பற நேரம்."

போன் அணைந்தது.

"சாமி வரம் கொடுக்கும், இவர் ரசீது கேட்பார்," என்றான் வாலு.

"கேட்டது சரியான கேள்விதான்," என்றார் ஆந்தை. "வா, ஸ்கிரிப்ட் எழுதின ஆளைப் பார்ப்போம்."

* * *

புரோகிராமர் மேனேஜர் அறைக்கு வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முதுகுப்பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார். கேள்வி வருவதற்கு முன்பே பதில் வந்தது.

"என் தப்புதான் மேடம். தமிழ் எழுத்துக்கு மூணு பைட். மெஷின் துண்டு துண்டா அனுப்பும். சில சமயம் எழுத்து நடுவுல வெட்டுப்படும். ஸ்கிரிப்ட் புரியாம நின்னுடும். அதனால இங்கிலீஷும் எண்ணும் மட்டும் எடு, மிச்சத்தை விட்டுடுன்னு போட்டேன். ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். தமிழ் எதுவுமே பதிவாகாது."

ஆந்தை வாலுவைப் பார்த்தார்.

"நம்பற மாதிரிதான் இருக்கு பாஸ்," என்றான் வாலு. "சோம்பேறித்தனம்தான், ஆனா நானே செஞ்சிருப்பேன்."

"ஆரம்பத்துலேருந்தேவா?" என்று புரோகிராமரிடம் கேட்டார் ஆந்தை.

"ஆமா மேடம்."

"எந்த நாள்லயும் தமிழ் வராது?"

"வராது."

ஆந்தை எழுந்து மேனேஜர் அறைக்குள் போனார். எல்லோரும் பின்னால் போக வேண்டியதாயிற்று. மேஸ்திரியின் மனைவியும் வந்து கதவோரம் நின்றாள். ஆந்தை கணினியில் முந்தைய நாளின் பதிவைத் திறந்தார். காலை, வேலை ஆரம்பிக்கும் நேரம். எதிரே: சோதனை. அதற்கு முந்தைய நாள். சோதனை. அதற்கும் முந்தைய நாள். சோதனை.

"தினமும் காலையில மேஸ்திரி அமுக்கினது," என்றார் ஆந்தை. "இங்கே எல்லாம் அழகா தமிழ்ல இருக்கே? அவர் செத்த அன்னிக்கு மட்டும் காலைச் சோதனைகூட வெத்து வரி. ராத்திரி கூப்பிட்டதை மறைக்கணும்னு நினைச்சவங்க, யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாத காலைச் சோதனையையும் சேர்த்துத் துடைச்சுட்டாங்க. இது கோளாறு இல்ல. அந்த ஒரு நாளை மட்டும் யாரோ அப்புறமா கழுவியிருக்காங்க."

பிறகு புரோகிராமர் பக்கம் திரும்பினார். கண் சிமிட்டவில்லை.

அந்த மனிதர் பையை இன்னும் இறுக்கினார். "எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது."

"எப்ப?"

"மேஸ்திரி செத்ததுக்கு மறுநாள் காலையில இவர் செய்தி அனுப்பினார்." புரோகிராமர் மேனேஜரைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். "நேத்து பதிவுல இருக்கற தமிழ் எழுத்தை எல்லாம் எடுத்துடு, கம்பெனிக்கு எண் மட்டும் போதும், இனிமேலும் அப்படியே வரட்டும்னு. ஒரு வரி மாத்தற வேலை. வீட்லேருந்தே மாத்தி ஓட்டிட்டேன். பதிவைப் படிச்சுக்கூடப் பார்க்கல. அப்புறம் போலீஸ் வந்து அந்தப் பதிவுதான் எல்லாத்துக்கும் சாட்சின்னு சொன்னதும் பயந்துட்டேன். இதோ, செய்தி இன்னும் இருக்கு."

ஆந்தை அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியின் மனைவியிடம் கேட்டார். "அம்மா, அந்தக் காலையில கதவை எப்பத் திறந்தாங்க?"

"வேலைக்கு எல்லாரும் வந்த அப்புறம்தான்."

"இந்தச் செய்தி வந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி. உள்ளே பிணம் இருக்குன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாத நேரம்."

மேனேஜர் சிரித்தார். உதடு மட்டும். "தலைமை அலுவலகத்துல எண் மட்டும் கேட்டாங்க. தற்செயல். தமிழ்ல என்ன வந்திருந்துதுன்னு நான் பார்க்கவே இல்ல. அன்னிக்கு நான் இங்கே இருந்தாத்தானே பார்க்க முடியும்?"

மேனேஜர் சொன்னதை உடைக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. செய்தி ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. போலீஸ் வண்டி கோர்ட்டுக்குக் கிளம்பியிருக்கும்.

வாலு மூலையில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் விரல் நுனி மரத்திருந்தது. அந்தக் குட்டித் திரையை நினைத்துக்கொண்டிருந்தான். அது தனக்கு ஏன் காலியாகவே இருந்தது? இரண்டாவது ஃபைலை எடுத்து, அதே நாலு வரி ஸ்கிரிப்டில் கொடுத்தான்.

"பாஸ்," என்றான். "இது மோட்டாருக்குக் கட்டளை இல்ல."

ஆந்தை குனிந்து பார்த்தார்.

"சொல்லு," என்றார். "சத்தமாப் படி."

"ரெண்டு ஃபைலையும் நேரப்படி சேர்த்துப் படிக்கிறேன். உள்ளேயிருந்து: கதவைத் திறங்கள். ஆபீஸ்லேருந்து: வருகிறோம்." வாலு விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான். "உள்ளேயிருந்து: கதவைத் திறங்கள். ஆபீஸ்லேருந்து: வருகிறோம். உள்ளேயிருந்து: ஆபத்து. ஆபீஸ்லேருந்து: வருகிறோம்."

மேஸ்திரியின் மனைவி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அது தானா போற பதில்!" மேனேஜரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "யார் அமுக்கினாலும் கம்ப்யூட்டரே அனுப்பும்!"

"அனுப்பாது சார்," என்றான் வாலு. "அன்னிக்குக் காலையில அவர் சோதனை அமுக்கினார். பதில் போகல. இன்னிக்கு நான் உள்ளே நின்னு விரல் தேயற வரைக்கும் அமுக்கினேன். வருகிறோம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே? என் மேல மட்டும் மெஷினுக்கு என்ன கோபம்?"

"ஆபீஸ்ல ஒரு கை அந்தப் பட்டனைத் தட்டினாத்தான் பதில் போகும்," என்றார் புரோகிராமர், பையை நோக்கி. "நான்தான் அப்படி எழுதினேன்."

"சாவி யார்கிட்ட மட்டும் இருக்கு?" என்று கேட்டார் ஆந்தை.

மேனேஜரின் கை தன் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

"எல்லாரும் போன அப்புறம் தேதி விஷயமா பேசலாம் வான்னு அவரைக் கூப்பிட்டிருக்கீங்க. பெட்டியைக் காட்டுன்னு உள்ளே அனுப்பி மூடியிருக்கீங்க. கோடாரி இருக்கறது உங்களுக்குத் தெரியும். அதை எடுத்தா நாலு வெட்டுல கதவுப் பலகை பிளந்துடும்னும் தெரியும். அவரை எடுக்க விடாம பண்ண உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை போதுமா இருந்துது." ஆந்தையின் குரல் உயரவே இல்லை. "கதவை உடைச்சா குளிர் போயிடும், நல்ல மருந்தும் சேர்ந்து கெட்டுப்போயிடும்னு நினைக்கற மனுஷன் அவர். வர்றாங்கன்னு சொன்னா காத்துட்டு இருப்பார். காத்துட்டே இருந்து, மரத்துப்போய் விழுந்திருக்கார். தலையில அடி அப்பப் பட்டது."

ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மேனேஜரின் பற்கள் தந்தியடித்தன.

ஆந்தை மறுபடியும் இன்ஸ்பெக்டரை அழைத்தார். இந்த முறை மறுமுனை கொட்டாவி விடவில்லை. வழியில் போன வண்டியை நிறுத்தச் சொல்லும் சத்தம் போனுக்குள் கேட்டது. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து இரண்டு காவலர்கள் வந்து மேனேஜரின் இரு பக்கமும் நின்றபோது, அவர் தன் கம்பளி ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். காவலர்கள் அவரை அப்படியே வெளியே நடத்திப் போனார்கள்.

அறை காலியானதும் மேஸ்திரியின் மனைவி வாலுவின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் படிக்கணும் தம்பி."

"வேண்டாம் அக்கா."

"என்னைவிட யாருக்குத் தம்பி உரிமை?"

வாலு திரையைத் திருப்பினான். அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். கணவருடைய வார்த்தைகள், கணவர் எழுதிக் கொடுத்த பதில். ஒன்றுக்கொன்று எதிரே, இரண்டு பேர் மரியாதையாகப் பேசிக்கொள்வதுபோல். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது என்ன?"

நீண்ட இடைவெளிக்குப் பிறகு, உள்ளேயிருந்து கடைசியாக வந்தது ‘கதவைத் திறங்கள்’ இல்லை. ‘ஆபத்து’ இல்லை.

சோதனை.

எதிரே ஒன்றும் இல்லை. அதற்குள் ஆபீஸிலிருந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

"ஏன் இதை அமுக்கினார்?" என்று மெதுவாகக் கேட்டான் வாலு.

அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்.

"மெஷின் கெட்டுப்போச்சோன்னு பார்த்திருக்கார்," என்றாள். "வருகிறோம்னு சொன்னவங்க வராம இருப்பாங்கன்னு அவருக்குத் தோணவே இல்ல. மெஷினைத்தான் சந்தேகப்பட்டிருக்கார்." கம்பளிச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஆந்தையின் போன் ஒலித்தது. இன்ஸ்பெக்டர்.

"பையனை விட்டாச்சு மேடம். கையெழுத்து வாங்கிட்டு நாங்களே அங்கே கொண்டுவந்து விட்டுடறோம். அவங்க அக்கா பக்கத்துல இருந்தா, வந்துட்டே இருக்கோம்னு சொல்லிடுங்க."

ஆந்தை அவளைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் வரவில்லை. அன்று வாலு முதல்முறையாக அவர் கண் சிமிட்டுவதைப் பார்த்தான்.

"நீங்க வர வேண்டாம்," என்றார் போனில். "அவன் அங்கேயே இருக்கட்டும்."

பிறகு குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எழுந்திருங்க. நாமளே போய் உங்க தம்பியைக் கூட்டிட்டு வருவோம்."

வாலு அதற்குள் வண்டியை எடுக்க ஓடியிருந்தான்.